தொட்டிக்குள் இறங்கிய அங்கண்ணன்

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம் நீலாம்பரி என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், பம்பு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற அங்கண்ணன் பாதத்திலிருந்து மஞ்சளாகத் தொடங்கினார். மஞ்சள் முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, காது மடல்வரை வந்து அங்கே கொஞ்சம் பழுப்பாகி நின்றது, தலையில் மிச்சமிருந்த முடி ஒரே வாரத்தில் தலையணையோடு தங்கிவிட்டது, ஆளும் நாளுக்கு நாள் சுருங்கிச் சுருங்கி, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாமல் ஆடத் தொடங்கியது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்ட மனைவி கமலவேணியிடம், ரத்தமெல்லாம் பார்த்தாயிற்று, காமாலையும் இல்லை கழுதையும் இல்லை, இது இலை உதிர்கிற பருவம், மேலே இருக்கிற சத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்றார் அவர். கமலவேணி சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த மனுஷனோடு குடித்தனம் செய்தவளுக்கு இது ஒன்றும் பெரிய செய்தியாகப் படவில்லை.

அவருக்குத் தரை ஆர்க்கிட் பைத்தியம். மரக்கிளையில் தொற்றிக்கொண்டு கல்யாண மண்டபத்து வாசலில் பல்லைக் காட்டுகிற ஆர்க்கிட் இல்லை இது; மண்ணுக்குள் ஒரு சின்னக் கிழங்காக இருந்து, மழைக்கு முளைத்து, பூத்து, கோடை வந்ததும் இலையைக் கருக்கிக்கொண்டு மறுபடி மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடுகிற அபூர்வ ஜாதி. வருஷத்துக்கு ஒரு முறை பழைய கிழங்கு தன்னிடம் இருப்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு புதுக் கிழங்குக்குக் கொடுத்துவிட்டு வெறும் தோலாகச் சுருங்கிப்போகும், அடுத்த மழைக்கு எழுந்து வருவது புதுக் கிழங்குதான், இடையில் உள்ள மாதங்களில் செய்ய வேண்டியதெல்லாம் தண்ணீர் விடாமல், தோண்டாமல், தொட்டியை ஓரமாக வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது மட்டும்தான். உலகத்தில் எத்தனையோ பேரால் முடிகிற இந்தக் காரியம் அங்கண்ணனால் முடியவில்லை. ஓடுகிற பம்பை நிறுத்திக் கழற்றி உள்ளே பார்த்துச் சம்பளம் வாங்கியவர் அவர், மண்ணுக்குள் ஒரு பொருள் இருக்கிறது, அது நன்றாக இருக்கிறதா என்று தெரியவில்லை என்ற நிலைமையில் அவருக்குச் சோறு இறங்காது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐஸ்கிரீம் கரண்டியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார், ஒவ்வொரு தொட்டியாகத் தோண்டி, கிழங்கை வெளியே எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி, முகர்ந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பழைய கிழங்கு சுருங்கியிருப்பதைக் கண்டு பதறி, ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு சிட்டிகை மருந்தும் விட்டு மூடுவார், அடுத்த ஞாயிறு அது கூழாகியிருக்கும். காரணம் கண்டுபிடிப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை. எறும்பு என்பார், மாவுப்பூச்சி என்பார், கூரியர்காரன் வெயிலில் வைத்துவிட்டான் என்பார், ஆற்று மணலில் உப்பு என்பார், மேல்மாடியில் கழுவிவிட்ட சோப்புத் தண்ணீர் என்பார், கமலவேணி கொடியில் காயப்போட்ட புடவையின் நிழல் என்றுகூட ஒருமுறை சொன்னார், தன் கரண்டியைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை, பிரியம்தான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தப் பிரியம் முழுக்கத் தொட்டிக்கும் கமலவேணிக்குமாகப் பிரிந்து விழுந்தது, கமலவேணி அழுகாமல் தாக்குப்பிடித்தாள், கிழங்குகளால் முடியவில்லை.

கடைசியாக, கொக்கு சிறகு விரித்ததுபோலப் பூக்கும் என்று படத்தில் போட்டிருந்த ஒன்றும் கூழாகிப்போன பிறகு, வீட்டிலேயே பெரிய சிமெண்டுத் தொட்டி காலியாகக் கிடந்தது. ஒருநாள் சாயங்காலம், ஆறு மாதக் குழந்தை அளவுக்கு வந்துவிட்ட அங்கண்ணன், தன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளக் கமலவேணியிடம் சொல்லி, அந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"வேணி, நாளைக்கு நான் உள்ள போயிருவேன். தண்ணி ஊத்தாத. தோண்டாத. மழை நல்லாப் புடிச்சா தானா வருவேன்."

"சரிங்க."

"யாரு சொன்னாலும் தோண்டப்படாது."

"நானுங்களா தோண்டுற ஆளு?" என்றாள் கமலவேணி. அவர் மஞ்சள் காதைச் சொறிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் தொட்டி மண் நடுவில் லேசாக மேடு தட்டியிருந்தது, பக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியும் மடித்துவைத்த துண்டும் இருந்தன. கமலவேணி கண்ணாடியைத் துடைத்து அலமாரியில் வைத்தாள், துண்டைத் துவைக்கப் போட்டாள், பால்காரரிடம் அரை லிட்டர் குறைத்துக்கொள்ளச் சொன்னாள்.

நீலாம்பரி குடியிருப்பு விஷயத்தைப் பக்குவமாகத்தான் எடுத்துக்கொண்டது. வாட்ஸ்அப் குழுவில் முதலில் கண்ணீர் விடும் பொம்மையைப் போட்டவர்கள், ஆள் சாகவில்லை, உறக்கத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்ததும் அதை அழித்துவிட்டுக் குட்நைட் பொம்மையைப் போட்டார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மோகனசுந்தரம், ஃபவுண்டரி ஒன்றில் ஸ்டோர்ஸ் ஆபீஸராக இருந்தவர், செயற்குழுவைக் கூட்டி, தொட்டியில் இருக்கிற உறுப்பினருக்கு ஓட்டு உண்டா, அவருடைய கார் நிறுத்தும் இடத்தை மழைவரை வேறு யாராவது பயன்படுத்தலாமா, பால்கனி எவ்வளவு எடை தாங்கும் என்ற மூன்றையும் அலசி, இரண்டாவதற்கு மட்டும் அன்றே முடிவு கண்டு, அந்த இடத்தில் தன் காரை நிறுத்திக்கொண்டார். கோயில் குருக்களைக் கேட்டதற்கு, தீட்டு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆனால் தொட்டி தெற்கே பார்த்து இருக்கக் கூடாது என்றார். வட்டமான தொட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் முதல் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. வருகிறவர்கள் தொட்டிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள், ஊதுபத்தி குத்தினார்கள், ஒரு அம்மாள் மண்மேட்டைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து நாலைந்து பெண்கள் தனித்தனியாக வந்து, பார்த்ததும் நலம் விசாரித்ததும் போக, கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி, "அக்கா, மண்ணு என்ன கலவைங்க? எங்க வீட்டுக்காரரும் கொஞ்ச நாளா மஞ்சளாத்தான் தெரியறாரு" என்று தணிந்த குரலில் கேட்டுப் போனார்கள்.

கமலவேணி சந்தோஷமாக இருந்தாள், அதை மறைப்பானேன். குழம்பு கொதிக்கும்போது கரண்டியோடு வந்து நின்று உப்புப் பார்க்க ஆளில்லை, கடைக்குப் போனால் எங்கே இருக்கிறாய், இன்னும் எவ்வளவு நேரம், ஆட்டோ எந்தப் பக்கம் வருகிறது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு போன் இல்லை, தூங்கும்போது மூச்சு சீராக வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்க ஆளில்லை. காப்பிக்குச் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக்கொண்டாள். மத்தியானம் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கூடத்துத் தரையில் மல்லாந்து படுத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, யாரும் தன்னைப் பார்க்காத அந்த நேரத்தைக் கரும்பைக் கடிக்கிற மாதிரி கடித்துக் கடித்துச் சாப்பிட்டாள். பால்கனிக் கதவை நாளுக்கு ஒரு முறை திறந்து, தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, மூடினாள்.

இப்படியே போயிருந்தால் கதைக்கு வேலை இல்லை. அங்கண்ணனுக்கு ஒரு அக்கா இருந்தாள், பழனாத்தாள் என்று பெயர், அன்னூரிலிருந்து ஒரு பையில் மாற்றுப்புடவையும் இன்னொரு பையில் செம்பும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள், தம்பி மண்ணுக்குள் இருக்க நான் மெத்தையிலா படுப்பேன் என்று கேட்டுவிட்டு, உள்ளறை மெத்தையில் படுத்துக்கொண்டாள்.

"ஏ அம்மிணி, அவனுக்குத் தண்ணி கிண்ணி காட்டறயா இல்லயா?"

"அவருதானுங்க அண்ணி ஊத்த வேண்டாம்னு சொன்னாரு."

"ஆம்பளைக ஆயிரஞ் சொல்லுவாங்க. வெயிலு இந்தக் கொளுத்துக் கொளுத்துது, கல்லு மாதிரி உக்காந்திருக்கறயே?"

கமலவேணி கல் மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள், அதுதான் வைத்தியம் என்று அவளுக்குத் தெரியும். பழனாத்தாளுக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள், அவள் வம்சத்தில் பிரியம் என்றால் கையை நுழைப்பது. கமலவேணி காய்கறி வாங்கப் போகிற ஒவ்வொரு முறையும் பேரூர்த் தீர்த்தம் ஒரு செம்பு, உஷ்ணத்துக்கு நல்லது என்று இளநீர் ஒன்று, தம்பிக்குப் பிடிக்குமே என்று நீர்மோர் கொஞ்சம், பெருங்காயம் போட்டே தொட்டிக்குள் போயிற்று. நீலாம்பரியின் மற்றவர்களும் சும்மா சொல்லக் கூடாது, தங்கள் பங்குக்குக் கைலாச தீர்த்தத்திலிருந்து ஃபில்டர் தண்ணீர்வரை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒரு நாள் கதவைத் திறந்தபோது புளித்த மாவு வாடை அடித்தது. கமலவேணி மண்ணைத் தொட்டாள், விரலில் ஈரம் ஒட்டியது. இதற்கு முன்னால் அந்த வாடையை அவள் எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறாள், அது வந்த எந்தத் தொட்டியிலிருந்தும் எதுவும் திரும்பி வந்ததில்லை. முதன்முதலாக அவள் பயந்தாள்.

வாடை படிக்கட்டு வழியாக இறங்கி, தரை ஆர்க்கிட் அன்பர்கள் சங்கத்துக்கும் எட்டியது. அதன் தலைவர் தாமோதரன், ஓய்வு பெற்ற தாவரவியல் விரிவுரையாளர், ஈரம் அளக்கிற ஊசியோடும் நாலு உறுப்பினர்களோடும் வந்தார். அந்தச் சங்கத்தில் யார் அதிகக் கிழங்கு இழந்தாரோ அவருக்குத்தான் மரியாதை, தாமோதரன் பத்து வருஷமாகப் போட்டியே இல்லாமல் தலைவராக இருக்கிறார். பால்கனியிலேயே நின்று, கிழங்கு இழப்பின் காரணங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், உறுப்பினர்கள் கைதட்டினார்கள், பழனாத்தாள் எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள்.

"அழுகல் ஆரம்பிச்சிருச்சுங்க அம்மா. உடனே வெளியெடுத்து, கெட்ட பாகத்தை வெட்டிட்டு, பட்டைத்தூள் தடவி நெழல்ல காய வெக்கோணும்" என்றார் தாமோதரன்.

"எந்தப் பாகத்தைங்க வெட்டுவீங்க?" என்றாள் கமலவேணி.

"அது எடுத்துப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"உங்க வீட்டுல இப்படி வெட்டிக் காய வெச்சதுல எத்தனை பொழைச்சிருக்குதுங்க?"

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இழப்புதாம்மா நமக்குப் பாடம்" என்றார். அன்பர்கள் மறுபடி கைதட்டினார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியைக் கவிழ்ப்பது என்று முடிவாயிற்று. மோகனசுந்தரம் செயற்குழுவில் தீர்மானம் போட்டார், பழனாத்தாள் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாருக்கும் போன் போட்டாள், முதல் மாடியும் நான்காம் மாடியும்கூட இதில் ஒன்றுபட்டன, ஏனென்றால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசை எல்லா மாடியிலும் ஒரே அளவில் இருந்தது. கமலவேணியின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவளே என்ன சொல்லியிருப்பாளோ, அவளுக்கும் உறுதியில்லை. உள்ளே அழுகிக்கொண்டிருந்தால் தோண்டாமல் விடுவது கொலை, அழுகாமல் இருந்தால் தோண்டுவது கொலை, எது என்று தெரிந்துகொள்ளத் தோண்டித்தான் ஆக வேண்டும், அந்த மனுஷன் இத்தனை வருஷமாக என்ன பாடு பட்டிருப்பார் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பழனாத்தாள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, தேங்கிய ஈரம் வடியட்டும் என்று தொட்டியைச் சாய்த்து ஒவ்வொரு பக்கமாக அடியில் செங்கல் கொடுத்தாள். மேசை விசிறியைக் கொண்டுவந்து கீழே வைத்துப் போட்டுவிட்டாள். வடிகிறதா என்று பார்க்கத் தரையில் கன்னம் படியப் படுத்து, தொட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். வடிகால் ஓட்டையில் வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வேர் என்று நினைத்தாள், அப்புறம் அதில் ஒரு நகத்தைப் பார்த்தாள், பச்சைக் குழந்தையின் நகம்போல அரிசி அளவில், ஆனால் நடுவில் பிளந்த நகம், எந்தக் காலத்திலோ பம்பு விழுந்து பிளந்து கூடிய அவருடைய அதே கால் பெருவிரல். விசிறிக் காற்று பட்டதும் அது கூசி மடங்கியது.

கமலவேணி தரையில் படுத்தபடியே அழுதாள். இந்த மனுஷன் இல்லாமல் தன்னால் முடியாது என்பது அவளுக்கு அங்கே தெரிந்துபோயிற்று, இவ்வளவு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு இப்போதா இது தெரிய வேண்டும் என்று எரிச்சலும் வந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று உடனே முடிவு செய்தாள். பெருவிரல் வெளியே தெரிகிறது என்று சொன்னால், ஆள் நன்றாக இருக்கிறார் என்று அவர்கள் திரும்பிப் போய்விட மாட்டார்கள், ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து இழுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீலாம்பரி முழுக்க மூன்றாம் மாடியில் இருந்தது. தாமோதரன் கையுறை போட்டு, கத்தியைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். பழனாத்தாள் பழைய வேட்டியொன்றை விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி வைத்திருந்தாள். மோகனசுந்தரம் முதல் ஆளாகப் பால்கனிக்குள் காலை வைத்தார், வைத்தவர் அப்படியே நின்றார்.

தொட்டியின் கழுத்தில் சணல் கயிற்றில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. ஹோல்ட் என்று பெரிதாக அச்சடித்து, கீழே தேதி போட்டு, அங்கண்ணனின் கையெழுத்து.

கோயம்புத்தூரில் ஃபவுண்டரியிலோ பம்புக் கம்பெனியிலோ ஒரு வருஷமாவது வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரிசோதகர் ஒரு பொருளில் சிவப்பு அட்டை கட்டிவிட்டால் முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, பிரிக்கக் கூடாது, கட்டினவரே வந்து கையெழுத்துப் போட்டு அவிழ்க்கும்வரை அது அங்கேயே கிடக்க வேண்டும், லாரி வாசலில் காத்திருந்தாலும் சரி, வெள்ளைக்காரன் ஆர்டர் ரத்தானாலும் சரி. ஓய்வு பெற்ற அன்று அங்கண்ணன் கம்பெனியிலிருந்து கடிகாரத்தோடு ஒரு கட்டு சிவப்பு அட்டையும் கொண்டுவந்திருந்தார், மேசை இழுப்பறையில் ஆடாமல் அசையாமல் கிடந்தது. கையெழுத்தைக் கமலவேணிதான் போட்டாள். முப்பது வருஷமாக காஸ் புத்தகத்திலும் ரேஷன் கார்டிலும் பார்த்துப் பார்த்து, ஒரு வளைவு, ஒரு கோடு, கோட்டின் முடிவில் ஒரு கோபம், அச்சாக வந்தது.

"ஹோல்ட் போட்டிருக்குதுங்க" என்றார் மோகனசுந்தரம்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஃபவுண்டரி, மில், மோட்டார் என்று ஆளுக்கு ஒரு கம்பெனியில் தலை நரைத்தவர்கள். ஒருவர் அனிச்சையாக இரண்டடி பின்வாங்கினார். குங்குமம் வைத்த தொட்டியைக் கவிழ்க்கக் கிளம்பிவந்த கூட்டம், தெய்வக் குற்றத்துக்கு அஞ்சாத கூட்டம், ஒரு சாண் அட்டைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

"யாரு போட்டதுங்க?" என்றார் ஒருவர்.

"அங்கண்ணன் சார்தான். கையெழுத்து இருக்குதல்ல."

"அப்ப அவரே வந்து ரிலீஸ் பண்ணோணும்."

"அவரு உள்ளயல்ல இருக்கறாரு?"

"வந்து பண்ணட்டும்" என்றார் மோகனசுந்தரம். "ரூல் ரூல்தானுங்க."

"என்னடா இது, காயிதத்தைப் பாத்துக் கும்புட்டுட்டு நிக்கறீங்க! எங்கூடப் பொறந்த பொறப்பு உள்ள கெடந்து அழுகுது!" என்று பழனாத்தாள் தொட்டியைப் பார்த்துப் பாய்ந்தாள். நாலு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "தொடாதீங்கம்மா, வம்பாயிரும்" என்று ஒருவர் கெஞ்சினார். யாருக்கு வம்பாகும், யார் கேட்பார்கள் என்று அவருக்கே தெரியாது, தெரியாததால் இன்னும் இறுக்கிப் பிடித்தார். தாமோதரன் மட்டும் கல்லூரியிலிருந்து வந்தவர், அட்டையின் மகிமை புரியாமல் கத்தியோடு முன்னால் வந்தார், மோகனசுந்தரம் ஒரு பார்வை பார்த்தார், கத்தி உறைக்குள் போயிற்று. பழனாத்தாள் செம்பை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அன்னூர் பஸ் ஏறினாள், ஏறும்போது, "நீ பொம்பளையே இல்ல அம்மிணி" என்றாள். கமலவேணி பஸ் போகும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

மழை ஆனியில் வந்தது. தாமோதரன் வீட்டில் தவிர ஊரில் எல்லார் தொட்டியிலும் ஏதோ ஒன்று முளைத்தது, அங்கண்ணன் தூக்கிப்போட்ட மண்ணைக் கொட்டிவைத்திருந்த சாக்கிலேகூட, கூழாகிவிட்டது என்று அவர் எறிந்த எதிலிருந்தோ ஒரு இலை எட்டிப் பார்த்தது. பெரிய தொட்டியில் மட்டும் ஒன்றுமில்லை. வாடை போய்விட்டிருந்தது, போனது நல்லதற்கா கெட்டதற்கா என்று சொல்ல ஆளில்லை. வடிகால் ஓட்டையில் பெருவிரலும் இப்போது தெரியவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டதா, உதிர்ந்து போனதா, குனிந்து குனிந்து பார்த்து அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆடி வந்தது. கமலவேணிக்குத் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, காப்பிக்குச் சர்க்கரை போட மறந்தாள். ஒரு மத்தியானம் அவள் கை தானாக மண்ணுக்குள் போயிற்று, முதல் கணு மறைந்தது, இரண்டாவது கணு மறைந்தது, ஒரே ஒரு முறை, தொட்டுவிட்டு எடுத்துவிடலாம், உயிர் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று அந்த விரல் அவளிடம் கெஞ்சியது. அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து, சமையலறைக்குப் போய், அந்தக் கையாலேயே தன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பால்கனிக் கதவைச் சாத்தி, கூடத்துப் பக்கம் பாயைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து, கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பார்த்தவர்கள், பாவம் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள், மண் கலவை கேட்டுப் போன பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள்.

ஆவணி பிறந்து, ஊரே அவரை மறந்து, மோகனசுந்தரம் அந்தக் கார் நிறுத்தும் இடத்தில் தன் பெயரையே எழுதிவிட்ட பிறகு, மண்ணில் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் பச்சையாக ஒரு சுருள், பிறகு இரண்டு இலை காது விரித்த மாதிரி, பிறகு அவை நிஜமாகவே காதாயின, நடுவில் இளம் சிவப்பில் ஒரு மண்டை வந்தது, ஒரு முடி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. ஒரு வாரம் அவர் கழுத்தளவு மண்ணில் கண்ணை மூடியிருந்தார், கமலவேணி கதவைத் திறந்து வைத்து எதிரே உட்கார்ந்திருந்தாள், அப்போதும் தொடவில்லை. பிறகு ஒருநாள் காலை, பால் பொங்குகிற நேரத்தில், தொப்பென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அங்கண்ணன் முழு ஆளாகத் தொட்டிக்கு வெளியே நின்றார், உடம்பெல்லாம் மண், புதுத் தோல், காலடியில் அவருடைய பழைய உடம்பு வெறும் சக்கையாக, ஊறவைத்த புளிபோலக் கிடந்தது.

அவள் துண்டைக் கொடுத்தாள். அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"வேணி, உள்ள இருந்தப்ப எனக்கு எல்லாங் கேட்டுச்சு. அக்கா வந்தா, தீர்த்தம் ஊத்துனா. தாமோதரன் வந்தாரு, வெட்டலாம்னாரு. எல்லாரும் என்னைய எடுத்துப் பாக்கோணும்னு துடிச்சாங்க." அவர் துண்டு முனையை முறுக்கினார். "நீ ஒரு நாளாச்சும் தோண்டிப் பாத்தியா?"

"இல்லீங்க."

"ஒரே ஒரு தடவ?"

"இல்லீங்க."

"அப்ப நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான் உனக்கு" என்றார் அங்கண்ணன், அந்தப் புது முகத்தில் உதடு பிதுங்கி, அழப்போகிற குழந்தைபோல.

கமலவேணிக்கு வாய்க்குள் முப்பது வருஷத்துப் பதில் வந்து முட்டியது. செங்கல் வந்தது, பாய் வந்தது, கன்னத்தில் விட்டுக்கொண்ட அறை வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறைக் கல்லில் உட்காரவைத்து, நிறைந்து நின்ற வாளியைத் தூக்கி முழுசாகத் தலையில் கவிழ்த்தாள்.

"ஐயோ, வேணி, போதும், தண்ணி அதிகமாப் போகுது!"

"மொளச்சதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாமுங்க" என்றாள் அவள். குரல் நடுங்கியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், என்ன என்று பார்க்க முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்தார், பரிசோதகர் புத்தி எங்கே போகும். அவர் கண்ணைத் திறப்பதற்குள் கமலவேணி அடுத்த வாளியைக் கவிழ்த்தாள்.